இணங்கிப் போவது யார்?

'சமூக நல்லிணக்கம்' என்ற சொல் சேரிக்குள் எப்போது வரும் என்று நம்ம வாசகர்களுக்குத் தெரியும். குடிசை எரிந்த மறுநாள் வரும். ஆர்.டி.ஓ. ஜீப்பில் வரும். தாலுகா ஆபீஸில் ஊருக்குப் பத்துப் பேர், காலனிக்குப் பத்துப் பேர் என்று உட்காரவைத்து, மினிட்ஸ் நோட்டில் 'நல்லிணக்கக் கூட்டம்' என்று தலைப்பெழுதி, டீ கொடுத்து, கடைசியில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கப்பா, நாளைக்கும் அவங்க முகத்துலதானே முழிக்கணும்" என்று நம்ம ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். எரித்தவனைப் பார்த்து யாரும் அனுசரிக்கச் சொல்வதில்லை. இணக்கம் என்ற சொல்லின் வேர் இணங்குதல். யார் இணங்க வேண்டும் என்பது அதிகாரியின் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலேயே தெரிந்துவிடும்.

இந்தச் சொல் இப்போது வகுப்பறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்னையில் கட்டடக்கலையும் பொருள் வடிவமைப்பும் படிக்கிற ஐந்து பேர், மூன்று தம்பிகள் இரண்டு தங்கைகள், ஒரு குழுவாகச் சேர்ந்து 'சமூக ஒருங்கிணைவுக்கான வடிவமைப்பு' என்று ஒரு ப்ராஜெக்ட் தொடங்கியிருக்கிறார்கள். மொத்தம் பதினான்கு வாரம். முதல் வாரம்தான் முடிந்திருக்கிறது. "சாதிப் பிரச்சினை உள்ள ரெண்டு மூணு ஊர் வேணும் அண்ணா, ரொம்ப தூரமா இருக்கக் கூடாது, கொஞ்சம் பாதுகாப்பாவும் இருக்கணும்" என்று நம் தோழர்கள் மூலம் கேட்டு வந்தார்கள். நான்கு பக்கத்தில் ஒரு திட்டக் குறிப்பும் கொடுத்தார்கள். படித்தபோது தோன்றியதைக் கொஞ்சம் நேரில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இவர்கள் போனால் அடுத்த வருடம் வேறு ஐந்து பேர் வருவார்கள். ஊர் காட்டிக் கூட்டிப்போகிற வேலை நம் தோழர்கள் தலையில்தான் விழும்.

இந்தப் பிள்ளைகளை நக்கலடிக்க எனக்கு விருப்பமில்லை. கூடப் படிக்கிறவர்கள் காபி மெஷினுக்கும் விமான நிலைய நாற்காலிக்கும் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது இவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். வழிகாட்டும் பேராசிரியர் 'சாதி' என்ற சொல்லைத் தலைப்பில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதனால்தான் 'ஒருங்கிணைவு'. பரவாயில்லை. தலைப்பில் இல்லாவிட்டாலும் வரைபடத்தில் வராமல் எங்கே போய்விடும்?

குறிப்பில் பிரச்சினையை இப்படி வரையறுத்திருக்கிறார்கள்: இரண்டு சமூகங்களுக்கும் இடையே பரிமாற்றம் குறைவு, பொதுவாகக் கூடுகிற இடம் இல்லை, இடம் இருந்தால் பழக்கம் வரும், பழகினால் நம்பிக்கை வரும். தீர்வாக நாலு யோசனை. மரத்தடியில் வட்டத் திண்ணை, ஒரு வாசகசாலை, பொதுச் சமையல்கூடம், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல்.

பரிமாற்றமா குறைவு? ஊர்க்காரன் வயலில் நடவு நட்டது யார், அறுத்தது யார்? அவன் வீட்டுச் சாவை ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லிவந்தது யார்? குழி வெட்டியது, பறையடித்தது, செத்த மாட்டைத் தூக்கியது யார்? காலையிலிருந்து ராத்திரி வரை நம்ம சனத்தின் கைபடாத எதையும் அந்த ஊர் சாப்பிட்டதில்லை. பரிமாற்றம் தலைக்கு மேல் இருக்கிறது. அது ஒரே திசையில் போகிறது, அதுதான் சங்கதி. உழைப்பு இங்கிருந்து அங்கே போகும், மிச்சம் மீதி அங்கிருந்து இங்கே வரும். ஒருங்கிணைவும் குறைவில்லை. ஊர் என்பதைவிட இறுக்கமாக ஒருங்கிணைந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு தலித் பையன் கோயில் படியில் கால் வைக்கட்டும். நேற்றுவரை வரப்புத் தகராறில் வெட்டிக்கொண்டவர்கள் அரை மணி நேரத்தில் ஒன்றாகிவிடுவார்கள். கூட்டம் போடுவார்கள், வரி வசூலிப்பார்கள், வக்கீல் வைப்பார்கள், நமக்குக் கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று தண்டோரா போடுவார்கள். இதற்குப் பெயர் ஒருங்கிணைவு இல்லாமல் வேறென்ன?

அண்ணல் இதைத்தான் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிழித்துப் போட்டார். கிராமத்தை இந்தியாவின் ஆன்மா என்று கொண்டாடியவர்கள் நடுவில் நின்று, அது குறுகல் புத்தியும் சாதிவெறியும் தேங்கிய குட்டை என்கிற பொருளில் பேசினார். சபையில் பலருக்குக் கசந்தது. ஆனால் அதே மனிதர்தான் முகப்புரையில் சகோதரத்துவத்தை நுழைத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1946 டிசம்பரில் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தில் அந்தச் சொல் கிடையாது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் 1948இல் அதைச் சேர்த்தது. ஊர் ஒற்றுமையும் சகோதரத்துவமும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், கொலம்பியாவில் தன் ஆசிரியராக இருந்த ஜான் டூயியின் சிந்தனையைப் பின்பற்றி, தாவரவியல் பாடத்திலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறார். செல்லின் மெல்லிய சவ்வு வழியாக நீர் கசிந்து பரவுகிற மாதிரி சமூகத்தின் பகுதிகளுக்குள் எல்லாம் ஊடுகசிய வேண்டும் என்கிறார். ஒட்டவைப்பது வேறு, கசியவிடுவது வேறு. பசை போட்டு ஒட்டினால் சுவர் இன்னும் கெட்டியாகும். ஒருங்கிணைவுக்கு வடிவமைப்பு செய்ய வந்தவர்கள் முதலில் இதில் எதைச் செய்யப் போகிறோம் என்று முடிவு கட்ட வேண்டும்.

இரண்டாவது சங்கதி. இவர்கள் ஏதோ வெற்று நிலத்தில் புதிதாக வடிவமைக்கப் போவதாக நினைக்கிறார்கள். நிலம் வெறுமையாக இல்லை தம்பி. அங்கே ஏற்கெனவே ஒரு டிசைன் இருக்கிறது, உங்கள் கல்லூரியில் உள்ள எந்த வாத்தியாரும் போட முடியாத டிசைன். ஓடை எந்தப் பக்கம் பாய்கிறதோ, காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அதன் கடைக்கோடியில் சேரி இருக்கும். இரண்டு சுடுகாடு, இரண்டு பாதை, இரண்டு குழாய், இரண்டு குவளை. யாரும் காகிதத்தில் வரைந்ததில்லை, பிசகியதும் இல்லை.

அது தன்னைப் புதுப்பித்துக்கொள்கிற வேகத்தையும் கவனியுங்கள். டீக்கடையில் முதலில் சிரட்டை இருந்தது. அப்புறம் தனி அலுமினிய டம்ளர், கூரையில் செருகிவைத்திருப்பார்கள், குடித்தவனே கழுவிவைக்க வேண்டும். இரட்டைக் குவளைக்கு எதிராக நம் இயக்கங்கள் கடைக்குக் கடை போராடின, வழக்கு விழுந்தது. உடனே தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கப் வந்தது. நம்ம ஆளுக்கு மட்டும் கப், மற்றவனுக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டால் "சுத்தம் சார், ஹைஜீனிக்" என்பான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. காகிதக் கப் உட்கார்ந்துகொண்டது. பொருள் மாறுகிறது, உள்ளே இருக்கிற சூத்திரம் மாறவே இல்லை. வடிவமைப்பு வரலாறு என்று உங்களுக்கு ஒரு தாள் இருக்கிறதாமே, அதில் ஜெர்மன்காரன் நாற்காலிக்குப் பக்கத்தில் இந்த டம்ளரையும் வைக்கச் சொல்லுங்கள்.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு போட்டோ வெளியே வந்தது. ஊராட்சி மன்றக் கூட்டம். எல்லோரும் நாற்காலியில். தரையில் உட்கார்ந்திருக்கிற பெண்மணிதான் மன்றத் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், தலித். நாற்காலியின் உயரம் பதினெட்டு அங்குலம் இருக்க வேண்டும் என்று உங்கள் பாடப் புத்தகம் சொல்லும். அந்தப் பதினெட்டு அங்குலத்துக்காக இங்கே கொலை விழுந்திருக்கிறது. 1997 ஜூன் 30இல் மேலவளவில் முருகேசனும் தோழர்களும் வெட்டப்பட்டது தலைவர் நாற்காலியில் ஒரு பறையன் உட்கார்ந்தான் என்பதற்காகத்தானே?

இதெல்லாம் படிக்காதவன், கிராமத்தான் செய்கிறது என்று மேசையில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியர்கள் சொல்வார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவகம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததே, அதை எந்தப் பண்ணையார் ஒட்டினார்? எதிர்ப்பு வந்த பிறகுதான் கிழித்தார்கள்.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரை மாவட்டம் எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம். 1989 கலவரத்துக்குப் பிறகு அங்கே சுவர் எழுந்தது. நம்மவர்கள் அந்தப் பக்கம் வராமலிருக்க. எப்படி நியாயப்படுத்தினார்கள் தெரியுமா? அந்த வருடம் எழுதிக்கொண்ட சமாதான ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். நல்லிணக்கத்தின் விளைச்சல்தான் அந்தச் சுவர்! 2008இல் சுவர் மேல் மின்சாரக் கம்பி ஓடுவது வெளியே தெரிந்து, கம்பியை எடுத்தார்கள். மே 6 அன்று போலீஸ் காவலோடு சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். உடனே சாதி இந்துக்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுக் கிளம்பி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பாதை திறந்ததற்கு! முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போக 2011 நவம்பர் வரை ஆனது. சுவரை இடிக்க ஒரு ஜே.சி.பி.க்கு அரை நாள் போதும், அப்புறம் மூன்றரை வருடம்.

இன்னொரு சுவர். மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு பங்களாக்காரர் தன் மனைக்கும் அருந்ததியர் வீடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய இருபது அடி உயரத்தில் கல்லை அடுக்கி எழுப்பிய சுவர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறி, தூங்கிக்கொண்டிருந்த சனத்தின் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். சுவரால் ஆபத்து என்று அந்த மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். கட்டடக்கலை மாணவர்கள் என்ற முறையில் உங்களுக்கு ஒரு கேள்வி: வீட்டுக் காம்பவுண்டுக்கு எதற்கு இருபது அடி? திருடனைத் தடுக்க எட்டு அடி போதும். இருபது அடி என்பது பார்வையைத் தடுக்க. எதிரே இருக்கிற குடிசை கண்ணில் படாமல் இருக்க. தாங்குதூண் இல்லாதது பொறியியல் பிழை என்று அறிக்கை எழுதிவிடலாம். அந்த உயரம் எந்தப் பிழையில் சேரும்?

சரி, அரசாங்கம் ஒன்றும் வடிவமைக்கவில்லையா என்றால், வடிவமைத்தது. சமத்துவபுரம். இதை மாணவர்கள் குறிப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை, வெளிநாட்டு உதாரணம் மூன்று இருக்கிறது. தென் மாவட்டங்கள் 1995 கொடியன்குளம் தொடங்கித் தீப்பற்றி எரிந்த காலத்தில், 1997இல் கலைஞர் அரசு அறிவித்த திட்டம். முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறந்தார்கள். நூறு வீடு. நாற்பது தலித்துகளுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்குப் பத்து. பக்கத்துப் பக்கத்து வீடு வெவ்வேறு சாதிக்கு. ஒரே சுடுகாடு, ஒரே சமுதாயக் கூடம், கோயில் கிடையாது, வாசலில் பெரியார் சிலை. இருநூறுக்கு மேல் கட்டினார்கள்.

இதைத் திட்டுவது சுலபம், நம் பத்திரிகைகளிலும் நிறையத் திட்டியிருக்கிறோம். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது ஒன்றுதான் சுடுகாடு வரைக்கும் யோசித்த டிசைன். திண்ணையையும் பூங்காவையும் யோசிக்கிறவன் பொணத்தை யோசிக்க மாட்டான். ஒரே குழாய், ஒரே சுடுகாடு என்று ஒரு அரசாங்கம் எழுதிவைத்தது சின்ன காரியமில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? ஊரை அப்படியே விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே நல்ல ஊர் ஒன்றைக் கட்டினார்கள். பழைய ஊரில் அதே தெரு, அதே டம்ளர், அதே கோயில். நிலம் யாரிடம் இருந்ததோ அவனிடமே இருந்தது. சமத்துவபுரத்துக்குக் குடிபோன தலித் காலையில் எழுந்து அதே பண்ணைக்குத்தான் கூலிக்குப் போகிறான். ஆட்சி மாறியபோது பராமரிப்பும் நின்றது. நூறு வீட்டுக்கு ஒரு மாதிரியாக இருந்தது, ஆயிரக்கணக்கான ஊருக்கு விதியாகவில்லை.

அதே அரசின் இன்னொரு கையையும் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978இல் ஒரு தனிச் சட்டமே இருக்கிறது. அதை வைத்து எடுத்த நிலம் எங்கே? பெரும்பாலும் பழைய சேரியின் ஓரத்தில், அல்லது அதற்கும் அப்பால். சேரி குடிசையாக இருந்தது, காலனி கான்கிரீட்டாக ஆனது. இடம் அதே இடம். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். சர்வே நம்பரை எடுக்க முடியுமா?

சென்னையில் கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் கிளப்பிக் கொண்டுபோய்க் கண்ணகி நகரில் கொட்டினார்கள். 2000 முதல் கட்டியது, பதினைந்தாயிரத்துக்கு மேல் வீடு. 2020இல் அந்தச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியம் தீட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது, பிள்ளைகளுக்குச் சந்தோஷம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சகோதரத்துவம் இல்லாவிட்டால் சமத்துவமும் சுதந்திரமும் மேல்பூச்சுப் பெயிண்ட் அளவுக்குத்தான் நிற்கும் என்று அண்ணல் 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தது எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நகரத்துக்குள் இருந்த வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனதை எந்த நிறத்தால் பூச முடியும்?

நம் ஆட்சியாளர்களுக்குப் பிடித்த இன்னொரு நல்லிணக்க முறை இருக்கிறது: எல்லோருக்கும் இல்லை என்று ஆக்கிவிடுவது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று செத்த தலித் வீரன். 'அந்தப் பேரு போட்ட பஸ்ஸுல ஏறுவோமா' என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள், கலவரம். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர் பெயர்களை ஒட்டுமொத்தமாக எடுத்தது. அதுவரை எத்தனையோ பெயர் ஓடிக்கொண்டிருந்தது, எவனுக்கும் உறுத்தவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போகக் கூடாது என்று தகராறு. கோயிலுக்கே பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். நீதிமன்றம் வரை போய்த்தான் திறக்க வேண்டியிருந்தது. இது நம்மூர்ச் சரக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரத்தில் கறுப்பின மக்களோடு சேர்ந்து குளிக்கச் சொன்னதும் 1960களில் நகராட்சி நீச்சல் குளங்களையே மூடினார்கள். 1971இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதில் தப்பில்லை என்றும் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டப் போகிற வட்டத் திண்ணைக்கு நாளைக்கு இதுதான் நடக்கும். நம்ம பையன் உட்கார்ந்த அன்றைக்கு மற்றவர்கள் எழுந்து போவார்கள். அப்புறம் யாராவது அதை இடித்துவிட்டு 'சட்டம் ஒழுங்கு' என்பார்கள். அப்படி நடந்தால் என்ன செய்வது என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி இருக்கிறதா?

"ரெண்டு பக்கத்தையும் கேட்டாத்தானே அண்ணா நியாயம்?" என்று அந்தக் குழுவில் ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. கேளுங்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரே கேள்வியைக் கேட்காதீர்கள். அடிவாங்கியவனிடம் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்பதும், அடித்தவனிடம் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்பதும் ஒரே கேள்வி இல்லை. உங்கள் முறையில் முதல் படி அனுதாபம், பிறர் நிலையில் நின்று உணர்வது என்கிறார்கள். எல்லா ஆராய்ச்சிக்காரனும் நோட்டை எடுத்துக்கொண்டு சேரிக்குத்தான் வருகிறான். எங்க சனம் என்ன சாப்பிடுது, எப்படி அழுவுது, எத்தனை டேக்கா எடுக்கும் இந்தக் கண்ணீரை? நோய் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஆராயுங்கள். ஊர்த் தெருவில் உட்காருங்கள். யார் சுவர் கட்டச் சொன்னது, எவ்வளவு வரி வைத்தீர்கள், தனிக் கிளாஸை யார் வாங்கிவருகிறார், கடை முதலாளியா, ஊர்க் கூட்டமா என்று கேளுங்கள். அங்கே பதில் கிடைக்காது, காபி கிடைக்கும். அதையும் எழுதுங்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பேரும் அந்த ஊர்த் தெருவில் இறங்கியதும் முதல் ஆள் கேட்கிற கேள்வி "என்ன படிக்கிறீங்க" என்பதில்லை. "தம்பிக்கு எந்த ஊரு? அங்க எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?" மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவான், அவன் அதில் டாக்டர் பட்டம் வாங்கியவன். ஐவரில் யார் எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கூடப் படிக்கிறவர்களிடம் நான்கு வருடமாகச் சொல்லாமல் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அது அவரவர் உரிமை, அவரவர் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கேள்வி விழும்போது ஐந்து பேரும் என்ன சொல்வீர்கள் என்று பஸ் ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தருக்கு மட்டும் தனி டம்ளர் வந்தால் மற்ற நால்வர் குடிப்பீர்களா? 'ப்ராஜெக்ட் கெட்டுப்போகும், பொறுத்துக்கோ' என்று சொல்வீர்களா? ஒருங்கிணைவு பற்றிய உங்கள் ஆராய்ச்சி தொடங்குகிற இடம் எந்தக் கிராமமும் இல்லை, அந்த ஐந்து பேர்தான். தனி ரூமில் உட்கார்ந்து கலர் கலராகத் துண்டுக் காகிதம் ஒட்டுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

நீங்கள் போன பிறகு அங்கேயே இருக்கப் போகிறவர்கள் விஷயம் இதைவிடப் பெரிது. வேங்கைவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. ஆட்சியர் விசாரிக்க வந்தபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும் கோயிலில் நுழைய விடாததும் வெளியே வந்தது. பிறகு என்ன ஆனது? அந்த மக்களிடமே ரத்த மாதிரி கேட்டார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போட்ட குற்றப்பத்திரிகையில் இருக்கிற மூன்று பேரும் அதே தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். தண்ணீர் நாறுது என்று வாய் திறந்த தெருவிலிருந்தே குற்றவாளி வந்தான். வழக்கு வழக்காக நடக்கட்டும். வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதைச் சுற்றுப்பட்டு எல்லாச் சேரியும் பார்த்துக்கொண்டது. அப்படியிருக்க, ஒரு கிழவி உங்களிடம் மனசுவிட்டுச் சொன்னதைப் பெயரோடு, போட்டோவோடு, வீட்டு அடையாளத்தோடு கல்லூரிச் சுவரில் மாட்டிவைத்தால் பதினைந்தாவது வாரம் அவளுக்கு யார் கூலி வேலை கொடுப்பான்? முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், ரெக்கார்டு செய்ததை யார் கையில் வைத்திருப்பது என்பதை அந்தத் தெருவில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்ப நாங்க என்னதான் செய்யறது என்று கேட்கலாம். உங்களிடம் இருக்கிற, எங்களிடம் இல்லாத ஒரு வித்தை இருக்கிறது. அளந்து வரையத் தெரியும். எங்கள் வக்கீல்கள் கோர்ட்டில் கொடுக்கிறது மங்கலான போட்டோ நாலும், 'மேற்படி சுவரானது' என்று தொடங்குகிற மனுவும்தான். அந்தச் சுவரை நீளம், உயரம், கனம் அளந்து, எந்த சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்று அளவோடு வரைந்து, தேதி போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்! தண்ணீர்க் குழாயை வரையுங்கள். தொட்டி எங்கே, வால்வு எங்கே, அதைத் திறக்கிறவர் வீடு எந்தத் தெருவில், காலனிக்கு வரும்போது குழாய் எத்தனை அங்குலமாகச் சுருங்குகிறது, எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். பொணம் போகிற பாதையை நடந்து அளங்கள். எந்த இடத்தில் வரப்பு, எந்த இடத்தில் முள்வேலி, மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் எங்கே நிற்கும். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, ஓட்டுச் சாவடி, அங்கன்வாடி எல்லாம் எந்தத் தெருவில் என்று குறியுங்கள். மகாடில் 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததற்குப் பிறகு, அந்தக் குளம் பொதுவா தனியாரா என்று பத்து வருடம் வழக்கு நடந்தது. 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. யாருடைய இடம், எது வரை என்பதுதான் அன்றைக்கும் கேள்வி.

தூரமில்லாத ஊர் கேட்டீர்களே, செங்கல்பட்டுப் பக்கம் போங்கள். அந்த மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் வெள்ளைக்காரன் ஆணை போட்டு, பிறகு படிப்படியாகக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். எந்த ஊரில் எந்த எண், இப்போது அதன் மேல் என்ன கட்டடம் நிற்கிறது என்று வரைபடம் போட்டு வைத்திருக்கிறோமா? காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஊருக்காவது உங்களால் அந்தப் படத்தைப் போட முடியும். பதினான்கு வாரம் அதற்குத் தாராளம். திண்ணை பிறகு கட்டிக்கொள்ளலாம். நிலம் கையில் இருக்கிறவனோடு ஊரே வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசும், நீங்கள் டிசைன் போட வேண்டிய அவசியமே இல்லை.

மதிப்பெண் போடுகிறவர்கள் 'இதில் தீர்வு எங்கே, புதுமை எங்கே' என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதினான்காவது வாரம் கல்லூரியில் மாட்டுகிற படத்தில் ஒரு பிரதி, தமிழில், பெரிய எழுத்தில், அந்தத் தெருவுக்கு வர வேண்டும். மடித்தால் கிழியாத துணித்தாளில் போடுங்கள். மனுவோடு தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் பல தடவை போய்வர வேண்டியிருக்கும். வடக்கு எது, அளவு என்ன, வரைந்த தேதி என்ன என்று மூலையில் எழுதுங்கள். தெருப் பெயரை வருவாய்த் துறை எழுதியிருப்பது போல் போடாமல், அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுப் போடுங்கள்.

எந்தத் தோழர் கூட வருவார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறோம். சனிக்கிழமை கிளம்ப வேண்டாம், அன்றைக்குக் கூலி வாங்குகிற நாள், தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். சாப்பாடு காலனியிலேயே. டேப்பு ஐம்பது மீட்டர் நீளத்தில் ஒன்று கொண்டுவாருங்கள், எங்களிடம் இருக்கிறது அறுந்துபோய்விட்டது.